மேல் ஆணி எனக்கு எட்டாது

துடைத்து முடித்து, ஈரம் முழுதாக வாங்காத சிமெண்டுத் தரையில் நாலு சக்கரம் மெதுவாக ஓடினால் ஒரு சத்தம் வரும். தூரத்தில் மழை கிளம்பி வருகிறதே, கூரைமேல் விழுவதற்கு முன்னால் காற்றில் அது கேட்குமே, அந்த மாதிரி. தரை காய்ந்துவிட்டால் அது போய்விடும். பிறகு கரகரவென்று வேறு சத்தம். பதினோரு வருடம் இந்த இரண்டு சத்தத்தையும் கேட்டுக்கொண்டு வேலை செய்தேன். இப்போது வேலைக்குப் போவதில்லை. ஆனாலும் விடிகிற நேரத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தால் காதுக்குள் அந்த முதல் சத்தம் வரும். எழுந்து பார்த்தால் ஆரியசாலைத் தெருவில் யாரோ சாக்கு இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் வேலை பார்த்தது பிள்ளைகள் ஸ்கேட்டிங் பழகுகிற இடத்தில். பெருக்குவது, துடைப்பது, கக்கூஸ் கழுவுவது, ஸ்டோர் ரூமைப் பூட்டித் திறப்பது, இவ்வளவுதான் என் வேலை. மேலே தகரக் கூரை, நாலு பக்கமும் திறப்பு, நடுவில் வழவழவென்று தரை. தரையில் வெள்ளைப் பெயிண்டில் பெரிய பெரிய வட்டங்கள், ஒன்றை ஒன்று தொட்டபடி இரண்டு, மூன்று. பிள்ளைகள் கணுக்காலுக்கு மேல்வரை கயிறு கட்டிய வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு ஷூவுக்கும் அடியில் நாலு சக்கரம். குளிர் நாடுகளில் ஐஸ்மேல் வழுக்கி ஆடுகிறார்களே, அந்த ஆட்டத்தைத்தான் இவர்கள் சக்கரத்தில் ஆடினார்கள். கோட்டைவிட்டு விலகாமல் வட்டத்தைச் சுற்றி வருவது ஒரு போட்டி. பாட்டுக்கு ஆடி, எகிறிக் குதித்து, பம்பரம்போலச் சுற்றுவது இன்னொரு போட்டி.

ஐந்தாம் வகுப்புக்குமேல் நான் படிக்கவில்லை. கல்யாணமாகி எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ் ஊரிலிருந்து, மலையாளம் பேசுகிற இந்தப் பட்டணத்துக்கு வந்தேன். வந்த நாள் முதல் அதிகம் பேசாத ஆள் என்றுதான் எல்லாரும் என்னைச் சொல்வார்கள். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும் முன்னால் செருப்பைத் தேடிப் போய்விடுவேன். யாராவது நின்று பேசிவிடுவார்களோ என்று பயம். என் குரலை வெளியே கேட்டால் எனக்கே அது வேறு யாருடையதோ என்று தோன்றும். அதனால் அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. காலையில் தரையும் நானும் மட்டும் இருப்போம். பிறகு பிள்ளைகள் வருவார்கள், அவர்கள் என்னைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் சுற்றுவார்கள். ஒரு தூணுக்குப் பின்னால் பெருக்குகிற வாரியலைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். உலகம் சுற்றிச் சுற்றி வரும், நான் நிற்பேன்.

பழக்கிக்கொடுக்கிற சார் மலையாளி. ஐம்பது வயதிருக்கும், ஒரு முழங்கால் மடங்காது. ஒரு நாளும் பிள்ளைகளை ஏசி நான் கேட்டதில்லை. அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஸ்டோர் ரூமில் கதவை ஒட்டிய சுவரில் இரண்டு ஆணி, ஒன்றுக்கு மேல் ஒன்று, கீழே உள்ளது சின்னப் பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில். எந்தப் பிள்ளையாவது, சார் எனக்கு இனிமேல் முடியாது, நிறுத்திக்கொள்கிறேன் என்று வந்து சொன்னால், சார் சரியென்றும் சொல்லமாட்டார், வேண்டாமென்றும் சொல்லமாட்டார். உன் ஷூவை நீயே கொண்டுபோய் ஆணியில் மாட்டு என்பார். ஒரு மாதம் அது அங்கே கிடக்கும். அந்த ஒரு மாதம் பிள்ளை வந்து கேலரியில் உட்காரலாம், மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கலாம், வராமலும் இருக்கலாம். அம்மா அப்பா யாரும் இதைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. விழுந்த அன்றைக்கு எடுக்கிற முடிவு விழுந்த காலின் முடிவு, ஆளின் முடிவு இல்லை என்பது சாரின் பேச்சு.

மாதம் முடிகிற அன்று சார் தனியாக ஸ்டோர் ரூமுக்குள் வருவார். ஷூவின் முன்பக்கம், பிரேக் கட்டை இருக்கிற மூக்கில், ஆட்காட்டி விரலால் ஒரு இழுப்பு இழுப்பார். விரலைத் திருப்பிப் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் வெளியே போவார். அதன்பிறகுதான் தாய் தகப்பனைக் கூப்பிட்டுப் பேசுவார். சில பிள்ளைகள் திரும்ப வரும், சில பிள்ளைகளின் ஷூ வேறு சின்னக் கால்களுக்குப் போகும்.

அந்த விரலை நான் கதவுக்கு வெளியே நின்று பார்ப்பேன். சார் என் வேலையைப் பரிசோதிக்கிறார் என்று நினைத்தேன். ஸ்டோர் ரூமைத் துடைக்கிறேனா இல்லையா என்று பார்க்க வேறெதற்கு ஒருவர் விரலால் தூசி தொட்டுப் பார்ப்பார்? அதனால் தினமும் தரை வேலை முடிந்ததும் பழைய தோர்த்துத் துண்டு ஒன்றை எடுத்து, ஆணியில் கிடக்கிற ஷூவை மூக்கு, குதி, சக்கரம் என்று துடைத்துவைப்பேன். தோல் வெடித்திருந்தால் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுவேன். ஆனால் கீழ் ஆணிக்கு மட்டும்தான் அது நடக்கும். மேல் ஆணி எனக்கு எட்டாது. நான் குட்டை. அதோடு வலது தோள் பல வருடமாகவே மேலே தூக்கினால் பிடித்துக்கொள்ளும். அங்கே கிடந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும். மேல் ஆணியில் கிடக்கிற ஷூவில் சார் விரலை வைத்துத் தூசியைப் பார்க்கும்போதெல்லாம் நான் கதவுக்கு இந்தப் பக்கம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வேன். அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எவ்வளவு நல்ல மனிதர், எனக்குத் தோள் முடியாதது தெரிந்து விட்டுவிடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படியே வருடங்கள் போயின.

நான் சொல்லவந்த பெண்ணுக்கு அப்போது பதிமூன்று வயது. கழக்கூட்டத்திலிருந்து அம்மாவோடு காரில் வருவாள். அம்மா கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பிறந்து வளர்ந்தது வலியசாலை அக்ரகாரத்தில் என்பதால் வீட்டுத் தமிழ் அப்படியே இருக்கும். பெண் விளையாடி முடிக்கும்வரை கேலரிப் படியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெண் ஆறு வயதில் வந்தபோது பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நடத்தினார்கள். பிறகு அவள் சுற்றுகிற சுற்றைப் பார்க்க மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள்கூட போனைக் கீழே வைப்பார்கள். கையிரண்டையும் நெஞ்சோடு சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு அவள் சுற்றினால் முகம் தெரியாது, சடை தெரியாது, ஒரு வெளுப்பு மட்டும் நிற்கும். எனக்கு அதைப் பார்த்தால் தூக்கம் வருகிற மாதிரி இருக்கும். அலுப்பில் வருகிற தூக்கமில்லை, நல்ல தூக்கம்.

ஒரே வருடத்தில் அவள் வளர்ந்துவிட்டாள். போன வருடம் கோடை லீவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டுமுன் என் தோளுக்கு இருந்தவள், இந்த வருடம் மழை தொடங்கும்போது என்னைக் குனிந்து பார்த்தாள். உயரம் வந்தது, சுற்று போயிற்று. முன்பு தானாக வந்த குதிப்புகள் வரவில்லை. காலும் கையும் அவளுடையதாக இல்லாமல் யாரிடமோ கடன் வாங்கியவைபோல முன்னும் பின்னும் போயின. ஜில்லாப் போட்டியில் மூன்று தடவை விழுந்தாள் என்று சொன்னார்கள். மறுநாள் வந்து ஷூவை மாட்டினாள். மேல் ஆணியில் அப்போது வேறு ஒரு பிள்ளையுடைய ஷூ கிடந்தது. அதனால் இவள் குனிந்து கீழ் ஆணியில் மாட்டினாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அழவுமில்லை. போய்விட்டாள்.

அந்த மாதம் அவள் ஒரு நாள்கூட வரவில்லை. நான் வழக்கம்போலத் துடைத்தேன். அவளுடைய ஷூ என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே துடைத்தேன் என்று சொல்லவேண்டும். இடது கால் மூக்கு விழுந்து விழுந்து தோலுரிந்து போயிருந்தது. அங்கே எண்ணெய் தடவித் தடவி அது பளபளவென்று ஆகிவிட்டது.

மாதம் முடிந்த அன்று சார் வந்து விரலை வைத்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் வைத்தார். பிறகு வாசலில் நின்று அவளுடைய அம்மாவுக்குப் போன் செய்தார். அடுத்த நாள் காலையில் அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். நான் ஸ்டோர் ரூமுக்கு வெளியே வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன், பேச்செல்லாம் காதில் விழுந்தது.

சார் சொன்னது இதுதான். உண்மையாகவே மனசு விட்டுப்போன பிள்ளை அந்தப் பக்கமே வராது, ஷூவில் தூசி படிந்துவிடும். மனசு விடாத பிள்ளை யாருக்கும் தெரியாமல் வந்து வந்து தொட்டுப் பார்க்கும், எடுத்துத் துடைக்கும். இத்தனை வருடத்தில் சின்னப் பிள்ளைகளின் ஷூவில்தான் அவர் தூசி இல்லாமல் பார்த்திருக்கிறார். வளர்ந்த பிள்ளைகள் மனசு விட்டால் விட்டதுதான், எப்போதும் தூசிதான். வளர்ந்த பிள்ளை ஒன்றின் ஷூ இப்படிக் கண்ணாடியாக இருப்பதை இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறார். பள்ளிக்கூடம் விட்டு யாரும் பார்க்காத நேரத்தில் பஸ் ஏறி வந்திருப்பாள், இவள் நிறுத்தக்கூடாது, மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம்.

அம்மா முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டார். பிறகு சிரித்தார், அழுகையும் சிரிப்புமாக. "அப்பறமா ஏண்டி எங்கிட்ட பேசாமலே இருந்தே?" என்று பெண்ணின் தலையைத் தன் தோளோடு இழுத்துக்கொண்டார். பெண் உயரமாக இருந்ததால் தலையைச் சாய்த்துக்கொடுக்க வேண்டியிருந்தது.

பெண், ‘நான் தொடவில்லை’ என்று சொல்லவில்லை. அம்மாவின் தோளிலேயே சாய்ந்து நின்றாள்.

என் கையிலிருந்து வாளி நழுவித் தண்ணீர் ஓடிற்று. சார் எட்டிப் பார்த்து, ஒன்றுமில்லையே என்று கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன்.

அன்றைக்கே அவள் ஷூவை எடுக்க ஸ்டோர் ரூமுக்கு வந்தாள். சார் அதைக் கழற்றிப் பெஞ்சில் வைத்திருந்தார், கீழ் ஆணி காலியானதும் ஏழு வயதுக் குட்டி ஒன்று தன்னுடையதைக் கொண்டுவந்து அதில் மாட்டிவிட்டுப் போயிருந்தது. கைப்பழக்கம், நான் அதைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் கையிலிருந்த தோர்த்தைப் பார்த்தாள். எண்ணெய்க் குப்பியைப் பார்த்தாள்.

"அம்மச்சிதானா?" என்றாள். அங்கே எல்லாப் பிள்ளைகளும் என்னை அப்படித்தான் கூப்பிடும்.

நான் தலையை ஆட்டினேன்.

"சாரமில்ல, பரவால்ல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோ. அம்மா எத்தன நாளைக்கு அப்பறம் சிரிக்கறா."

"நீ ஆடணுமே மக்களே," என்றேன், எங்கள் ஊரில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி.

"ஆடறேன்," என்றாள். கயிற்றை இரண்டு சுற்றுக் கூடுதலாகக் கணுக்காலில் சுற்றிக் கட்டினாள்.

அதற்குப் பிறகு வந்த காலைகளை என்னால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒரே காலையாகத்தான் நினைவிருக்கிறது. மழைக்காலம். தகரத்தில் மழை பெய்யும்போது பாட்டுக் கேட்காது. பாட்டில்லாமல் பிள்ளைகள் கையை விரித்துச் சுற்றிக்கொண்டிருக்கும். அவள் மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிடுவாள். தரை ஈரமாக இருப்பதால் குதிக்க முடியாது, வட்டத்தில் மட்டும் மெதுவாகப் போவாள். ஒற்றைக் காலில், கோட்டின்மேல், ஒரு தடவை, இரண்டு தடவை. சக்கரம் போன இடத்தில் ஈரத்தில் ஒரு மெல்லிய தடம் விழும். கொஞ்ச நேரத்தில் அது காய்ந்து போகும். அப்போது அவள் முகம் ஆறு வயதில் இருந்த முகம்தான். தரை காய்ந்து, சார் வந்து, குதிக்கச் சொல்லும்போது அந்த முகம் மாறிவிடும். ஓடிவருவாள், குதிக்கவேண்டிய இடத்துக்கு ஒரு முழம் முன்னால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். விழுவாள். எழுந்திருப்பாள். மறுபடி ஓடிவருவாள். இடுப்புப் பக்கம் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருப்பதை உடுப்பு மாற்றும்போது பார்த்தேன். அம்மா கேலரிப் படியிலிருந்து கைதட்டுவார். மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது.

நான் என்னத்தைச் சொல்ல? அவள் சொல்லாதே என்றாள். சொல்லாமலிருப்பது எனக்குப் புதிதா? வாழ்க்கை முழுவதும் அதைத்தானே செய்தேன்.

ஆனால் ஒரு நாள் அந்த ஏழு வயதுக் குட்டியின் தகப்பன் சாரிடம் வந்து புலம்பினார். பிள்ளை நிறுத்தத்தான் நினைக்கிறாள்போல என்றார். சார் அவரை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிவந்து கீழ் ஆணி ஷூவில் விரலை இழுத்துக் காட்டினார். இதோ பாருங்கள், பொட்டுத் தூசியில்லை, மாதம் முடியும்வரை பொறுங்கள், உங்கள் பிள்ளை எங்கேயும் போகமாட்டாள் என்றார். காலையில் நான் துடைத்த ஷூ அது. தோர்த்து இன்னும் ஈரமாகக் கொடியில் கிடந்தது.

வாயால் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதினேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், பெரிய எழுத்தில். எழுதினது இன்னும் மனப்பாடம்.

'சாருக்கு. ஆணியில் கிடக்கிற ஷூவைத் துடைப்பது நான்தான். பிள்ளைகள் அல்ல. பெரிய பிள்ளை ஒரு நாளும் வந்து தொடவில்லை. சின்னப் பிள்ளையும் தொடவில்லை. சார் என் வேலையைப் பார்ப்பதாக நினைத்துத் துடைத்தேன். மேல் ஆணி எனக்கு எட்டாது. பிழை பொறுக்கவும்.'

நாலாக மடித்து, சார் மேசையில் விசிலுக்கு அடியில் வைத்தேன். மாலையில் சார் அதை எடுத்து விரித்துப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். சார் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு என்னைத் தேடிப் பார்த்து, "சேச்சிக்கு நாளைக்கு லீவு வேணும், அத்ரதானே? எடுத்துக்கோ," என்றார்.

சாருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பேசுவார், வாசிக்கமாட்டார். இத்தனை வருடம் கூட வேலை செய்தும் எனக்கு அது தோன்றவேயில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் தலையை ஆட்டினேன். மறுநாள் லீவு எடுத்தேன். கேட்காத லீவு. வீட்டில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினேன். கல்லே இல்லாத அரிசி அது.

அடுத்த நாள் போனபோது தரை துடைக்க வாளியை எடுத்தேன். நேரம் வெளுக்கவில்லை, ஆனால் சாரின் ஸ்கூட்டர் நின்றது. காரும் நின்றது. ஸ்டோர் ரூம் வாசலில் சாரும் பெண்ணின் அம்மாவும் இருந்தார்கள். அம்மாவின் கையில் என் காலண்டர் தாள். இன்னும் ஏதாவது கேட்டிருக்கிறேனோ என்று சந்தேகம் வந்து, தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் என்று சார் அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாராம். அந்தத் தாள் யாருடைய கைக்குப் போகக்கூடாதென்று நினைத்தேனோ அவர் வாயாலேயே அது வாசிக்கப்பட்டது.

அம்மா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. தூக்கத்தில் எழுப்பப்பட்டவர்போல இருந்தார்.

"இது நெஜமா?"

"எனக்க கையாலதான் தொடச்சேன்," என்றேன். வெளியே வந்த குரல் என்னுடையதுதான்.

"அவ ஒரு நாள்கூட வரலியா?"

"வரல்ல."

சார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழ் ஆணி, மேல் ஆணி. பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், எவ்வளவு உயரம் என்று அளக்கிறவர்போல. மடங்காத காலை நீட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தார்.

"அப்போ நான் இத்ர காலம் பார்த்தது பிள்ளையோட மனசு அல்ல," என்றார். "சேச்சியோட கை."

சிரித்தார். கொஞ்சம் சிரித்துவிட்டு நிறுத்திவிட்டார். விரல்களை மடக்கி ஏதோ எண்ண ஆரம்பித்தார். எந்தப் பிள்ளை எந்த ஆணி என்று எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கீழ் ஆணியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்ட ஒரு பெண் இப்போது வேறு ஊரில் பிள்ளைகளுக்குப் பழக்கிக்கொடுக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள், அவளைத் திரும்பக் கொண்டுவந்தது என் தோர்த்துத் துண்டு. உயரமான பிள்ளைகள் உயரத்து ஆணியில் மாட்டினார்கள், தூசி படிந்தது, போனார்கள். வளர்ந்த பிள்ளைகளின் மனசைப் பற்றிச் சார் கண்டுபிடித்துவைத்திருந்ததெல்லாம் என் தோள்வலி.

நான் சாரிடம் சொல்லாத ஒன்று உண்டு. சில வருடம் முன்னால், மேல் ஆணியில் மாட்டிய ஒரு பெரிய பெண் மாதம் முடிந்து இரண்டு நாள் கழித்து வந்தாள். ஷூ அதற்குள் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது. அவள் வாசலில் நின்று வெறும் ஆணியைப் பார்த்தாள். என்ன மக்களே என்றுகூட நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனாள். எதையாவது மறந்து வைத்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் இப்போதும் என் கனவில் வருவாள். கனவில் நான் கையைத் தூக்குவேன், ஆணி இன்னும் மேலே போகும்.

பெண் காரிலிருந்து இறங்கி ஷூப் பையோடு வந்தாள். எங்கள் மூவர் முகத்தையும், அம்மா கையிலிருந்த தாளையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

"ஏண்டி சொல்லல? நான் தொடலம்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?" என்றார் அம்மா.

"நீ சிரிச்சியே."

அம்மா தாளை மறுபடி நாலாக மடித்தார். யாரிடம் சொல்கிறோம் என்று இல்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ராத்திரி வீட்டுக்கு வரும்போது பெண் தூங்கிப்போயிருப்பாளாம். நாள் முழுவதிலும் கழக்கூட்டத்திலிருந்து இங்கே வருகிற இந்தக் காலைப் பயணத்தில்தான் அவள் வாயைத் திறந்து பேசுவாளாம். ஸ்கேட்டிங் நின்றால் அதுவும் நின்றுவிடும் என்று பயந்துபோனாராம். அந்த ஒரு மாதம் அப்படித்தான் நின்றுபோயிற்றாம். பெண் அதுவரை இதைக் கேட்டதில்லைபோல. அம்மாவின் கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"எனக்குக் குதிக்கப் பேடியா, பயமா இருக்கும்மா," என்றாள். "வட்டம் மட்டும் பிடிக்கும். குதிக்கற எடம் வந்தா கண்ணு தானா மூடிக்கறது."

சார் எழுந்தார். இப்போது யாரும் எதுவும் முடிவு செய்யவேண்டாம் என்றார். நாங்கள் போய்ச் சாயா குடித்துவிட்டு வருகிறோம், நீ உனக்கு இஷ்டமான மாதிரி ஆடு, பார்க்க ஆளில்லை, நான் கேட்கப்போவதும் இல்லை, முடிந்ததும் என்ன வேண்டுமோ செய் என்றார். அம்மா தயங்கினார். சார் கேட்டைத் திறந்து பிடித்தார். இரண்டுபேரும் போனார்கள்.

நானும் போயிருக்கவேண்டும். ஆனால் தரை பாதி துடைத்தபடி கிடந்தது. நான் ஒரு ஓரத்தில் துடைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தேன், அவள் மறு ஓரத்தில் ஷூவைக் கட்டினாள். நல்ல வெளிச்சம் வரவில்லை. மழை விட்டிருந்தது, தகர விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஈர வட்டத்தில் இறங்கினாள். அந்தச் சத்தம் வந்தது. ஒரு வட்டம், அடுத்த வட்டம், மறுபடி முதல் வட்டம். கையை இறகுபோல இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு, எங்கேயும் போகவேண்டிய அவசரம் இல்லாமல். நீளமான காலும் கையும் அன்றைக்கு அவளுடையவையாக இருந்தன. ஈரத் தரையில் கூரையின் ஓட்டையெல்லாம் நட்சத்திரம்போலத் தெரிந்தது, அவள் அதன்மேல் போய்க்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மாப்பைப் பிடித்தபடி நின்றுகொண்டே நான் தூங்கியிருப்பேன் என்றுகூட நினைக்கிறேன்.

பிறகு அவள் வேகம் எடுத்தாள். குதிக்கிற இடத்தை நோக்கி வந்தாள். வந்து, குதிக்காமல், மெதுவாக அதைக் கடந்துபோனாள். கண்ணைத் திறந்துகொண்டு போனாள்.

உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள். என்னிடம் வந்து தோர்த்துத் துண்டை வாங்கினாள். சக்கரத்தில் ஒட்டிய ஈரத்தைத் தானே துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள், குதியைத் துடைத்தாள். ஸ்டோர் ரூமுக்குப் போனாள். மேல் ஆணி அப்போது காலியாக இருந்தது. காலைக்கூட எக்காமல், கையை நீட்டி அதில் மாட்டினாள்.

"அம்மச்சி, இத தொடாதீங்கோ, கேட்டேளா?"

"எனக்கு எட்டாதே மக்களே," என்றேன்.

"தெரியும்," என்று சொல்லிச் சிரித்தாள்.

சாயா குடித்து வந்த அம்மா மேல் ஆணியைப் பார்த்தார். பெண், "எனக்கு மதிம்மா, போதும்," என்று மட்டும் சொன்னாள். அம்மா அவளுடைய காலிப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டுபேரும் கார்வரை சேர்ந்து நடந்தார்கள். பேசினார்களா என்று எனக்குத் தெரியவில்லை, மறுபடி மழை தொடங்கிவிட்டது.

சார் சொல்லாமலேயே அன்றிலிருந்து கீழ் ஆணி ஷூவைத் துடைப்பதை நிறுத்தினேன். கை பரபரக்கும், தோர்த்தை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். ஏழு வயதுக் குட்டியின் ஷூவில் தூசி படியத் தொடங்கிற்று. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அந்தத் தூசியில் வளைந்து ஒரு கோடு. பிள்ளையின் விரலோ, பல்லி ஓடிய தடமோ. சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, எனக்குத் தெரியாது சேச்சி, இனிமேல் பிள்ளையிடம்தான் கேட்கவேண்டும் என்றார். கேட்டார். அந்தக் குட்டி, கொஞ்சநாள் கழித்துச் சொல்கிறேன் என்றதாம்.

மேல் ஆணியைத் தினமும் அண்ணாந்து பார்ப்பேன். காலையில் கூரை இடுக்கு வழியாக ஒரு வெயில் கம்பி ஸ்டோர் ரூமுக்குள் விழும். அதில் தூசி மிதந்து வரும். அவசரமே இல்லை அதற்கு. சுற்றிச் சுற்றி, திரும்பித் திரும்பி, வெள்ளை ஷூவின்மேல் வந்து உட்காரும். முன்பெல்லாம் தூசியைக் கண்டால் எனக்குக் குற்றம் செய்த மாதிரி இருக்கும். இப்போது பார்த்துக்கொண்டு நிற்கலாம் என்றிருந்தது.

ஒரு நாள் காலையில் சீக்கிரம் வேலை முடித்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தக் காரைப் பார்த்தேன். விளையாட்டு நேரம்தான், ஆனால் கார் எங்கள் கேட் பக்கம் திரும்பவில்லை. ரோட்டோரம் ஒரு மரத்தடியில் நின்றது. முன்சீட்டில் அம்மாவும் பெண்ணும். பெண் பள்ளிக்கூட உடுப்பில், மடியில் ஏதோ பொட்டலம், வாய் நிறையத் தின்றுகொண்டே கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிடுவார்களோ என்று நான் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

மாதம் முடிந்த அன்று சார் ஸ்டோர் ரூமுக்கு வந்தார். அவசியம் இல்லைதான், எல்லாருக்கும் முடிவு தெரியும். ஆனாலும் பழக்கம். மேல் ஆணிக்குக் கையை உயர்த்தி விரலை இழுத்தார். இந்தத் தடவை நான் சுவரோடு ஒட்டிக்கொள்ளவில்லை. அவர் விரலைத் திருப்பி, என் பக்கம் நீட்டிக் காட்டினார். ஒரு மாதத்துத் தூசி, சாம்பல் நிறத்தில், மெத்தென்று. ஒருவர் கையும் படாதது.